ஆறுதல் அறையில் நான் கொடுத்த பன்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்துகள் ஒன்றோடொன்று சண்டை போட்டவை போல ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பது இன்றைக்கும் எனக்குக் குத்துமதிப்புதான். இதைத் தட்டச்சு செய்யப்போகும் தங்கச்சி எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொள்ளட்டும். மற்ற பிழைகள் நான் செய்தவை. அவை அப்படியே இருக்க வேண்டும்.

சிதம்பரத்தில் ஓர் அறக்கட்டளை நடத்திய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவு உதவியாளராக இருந்து, முதுகுத் தண்டு கோளாறால் ஐம்பத்து மூன்று வயதில் விருப்ப ஓய்வு வாங்கியவன் நான். அங்கே ஆறுதல் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் என்னிடம் ஒரு 'வெற்றிக் கதை' கேட்டார்கள். ஒரு பக்கத்துக்குள், சோகம் குறைவாக, முடிவில் குடும்பத்தினர் நன்றி சொல்வதுபோல இருந்தால் கையேட்டில் சேர்ப்பார்களாம். நான் எழுதத் தொடங்கியது ஒரு பக்கத்தில் நிற்கவில்லை. யாரும் நன்றியும் சொல்லவில்லை. அதனால் கையேட்டுக்கு ஆகாது என்று எனக்கே தெரிகிறது.

என் வேலைக் காலத்தின் முன்பாதியை நான்கு வரியில் சொல்லிவிடலாம். அதே அறக்கட்டளையின் கடலூர் கிளையில் அப்பா ஸ்ட்ரெச்சர் தள்ளினார். அவர் இறந்ததும் அந்த ஸ்ட்ரெச்சரை நான் தள்ளினேன். ஈரத் தரையில் எப்படித் திருப்புவது, லிஃப்ட் நின்றுபோனால் உள்ளே இருப்பவர்களிடம் என்ன சொல்வது, டாக்டர் கோபமாக வரும்போது சுவரோடு சுவராக எப்படி ஒட்டுவது என்பதெல்லாம் இரண்டே வருடத்தில் பழகிவிட்டது. கடைசியாகச் சொன்னதில் நான் மிகவும் கெட்டிக்காரன். பிறவியிலேயே கூச்ச சுபாவம். பிறகு சிதம்பரத்துக்கு மாற்றினார்கள். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினமும் பாசஞ்சர் ரயில். ஸ்டேஷனுக்கு வெளியே உள்ள பேக்கரியில் காலைச் சாப்பாட்டுக்கு ஒரு பன் வாங்கிக்கொள்வேன். நீலப் பூ அச்சிட்ட மெழுகுத்தாளில் சுற்றித் தருவார்கள். இந்தப் பன்னை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறுதல் பிரிவு தொடங்கியபோது, பேசாமல் நிற்கத் தெரிந்த ஓர் ஆள் வேண்டும் என்று தேடி என்னைப் போட்டார்கள். அபூர்வமான பிறவி நோய் உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு மனத்தைரியம் தருவதுதான் அந்தப் பிரிவின் வேலை. அதற்கு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் வந்தார். சென்னையில் மூன்று நாள் பயிற்சி எடுத்தவர். நல்ல மனிதர், அதைச் சொல்லிவிட வேண்டும். யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. எதிரே ஆள் வந்து உட்கார்ந்ததும் தலையை வலது பக்கம் கொஞ்சம் சாய்ப்பார். கண்ணை ஒருமுறை மூடித் திறப்பார். பிறகு, "உங்க உணர்வு எனக்குப் புரியுது" என்பார். வந்தவர் அப்போதுதான் செருப்பைக் கழற்றியிருப்பார். இன்னும் வாயைத் திறந்திருக்க மாட்டார்.

அறையின் நடைமுறை எனக்கு இன்றும் மனப்பாடம். கதவைத் தட்டாமல் திறக்க வேண்டும். தண்ணீர் டம்ளர் வலப்பக்கம், டிஷ்யூ பெட்டி இடப்பக்கம். அழுகை தொடங்கினால் பெட்டியை நான்கு விரல் தூரம் முன்னால் நகர்த்த வேண்டும். அழுபவரிடம் இரண்டு நிமிடம் குறுக்கிடக் கூடாது. அந்த இரண்டு நிமிடமும் ஒருங்கிணைப்பாளர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கூட வந்த பிள்ளை இணக்கமாக இருக்க ஒரு கிரீம் பிஸ்கெட் பாக்கெட். கடைசியில் மஞ்சள் நிறத்தில் ஐந்து வட்ட முகங்கள் வரைந்த அட்டை. அழும் முகத்திலிருந்து சிரிக்கும் முகம் வரைக்கும் இருக்கும். வரும்போது எந்த முகம், போகும்போது எந்த முகம் என்று தொட்டுக்காட்ட வேண்டும். போகும்போது ஒரு முகமாவது முன்னேறியிருந்தால் ஆறுதல் நடந்துவிட்டது என்று பொருள்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் டிஷ்யூவை எடுப்பதில்லை. முந்தானை இருக்கும்போது காகிதம் எதற்கு? பண்ருட்டியிலிருந்து வந்த ஒரு முந்திரி வியாபாரி மட்டும் பெட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, "சார், வறுத்த பருப்ப இதுல கொட்டி வெச்சா எண்ணெய நல்லா இழுக்கும் போலருக்கே" என்று நான்கைந்து தாள் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். வருடக் கடைசியில் பெட்டிகள் தீராமல் கிடந்தன. ஆறுதல் போதுமான அளவு வழங்கப்படவில்லையோ என்று மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. மறுநாளிலிருந்து ஜன்னல் கண்ணாடிகளை டிஷ்யூவால் துடைக்கும்படி எனக்கு உத்தரவு. அடுத்த வருடம் எங்கள் பிரிவுக்குப் பாராட்டு வந்தது.

பெற்றோர் ஒன்றுகூடிப் பேச ஒரு குழு அமைக்கவும் திட்டம் இருந்தது. ஒரே நோய் உள்ள ஐந்து குடும்பங்கள் சேர்ந்தால்தான் குழு என்பது விதி. ஊருக்கு ஒன்று வருவதே அபூர்வம் என்கிற நோய்களுக்கு ஐந்து குடும்பத்துக்கு எங்கே போவது? குழுவுக்காக வாங்கிய பத்து நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியே கிடந்தன. இதையெல்லாம் ஒருங்கிணைப்பாளரிடம் கேட்க நினைப்பேன். கேட்டதில்லை.

இப்போது செல்வராணி விஷயத்துக்கு வருகிறேன். குமராட்சி பக்கத்துக் கிராமம். கணவர் ராஜவேல் மினிபஸ் டிரைவர். ஒரே மகள் இனியா, அப்போது ஆறு வயது. பிறந்தபோது துவண்டுபோய்ப் பால் உறிஞ்சக்கூடத் தெம்பில்லாமல் கிடந்த பிள்ளை. மூன்று வயதுக்கு மேல் பசி பிடித்தது. சாதாரணப் பசி இல்லை. வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போய்ச் சேராத பிறவி நோய். நோயின் பெயர் என் வாயில் நுழையாது. தட்டைத் துடைத்துச் சாப்பிட்ட மறுநிமிடமும் அவளுக்கு ஒரு வாரம் பட்டினி கிடந்தவள் போலப் பசிக்கும். விட்டால் பச்சரிசியைத் தின்பாள், மாட்டுக்கு வைத்த தவிட்டைத் தின்பாள். உடம்பு ஊதி, மூச்சுத் திணறி, உயிருக்கே ஆபத்தாகும். மருந்தைவிட முக்கியம் அளந்த சாப்பாடு, பூட்டிய சமையலறை. எங்கள் பிரிவு டாக்டரம்மா அதை எழுதியே கொடுத்திருந்தார்.

செல்வராணி அதன்படி நடந்தாள். அவள் கழுத்தில் தாலிக் கயிற்றோடு ஒரு சாவியும் தொங்கும். சமையலறைச் சாவி.

எங்கள் ஊர்ப்பக்கம் வீட்டுக்கு வந்தவரிடம் முதல் கேள்வியே "சாப்ட்டியா?" என்பதுதான். அங்கே ஒரு தாய், அழும் பிள்ளைக்கு எதிரே சோற்றைப் பூட்டி வைத்தால் ஊர் என்ன சொல்லும்? ராட்சசி என்றது. அடுத்த தெருவில் இருந்த ராஜவேலின் அக்கா கோமதி ஒருபடி மேலே போய், "புள்ளைய எங்கிட்ட குடுங்க, நான் வளத்துக்கறேன்" என்று நின்றாள். ராஜவேல் பாதி மனதாக இருந்தார். அக்கா வீட்டுக்குப் போனால் பாசத்தாலேயே பிள்ளையைக் கொன்றுவிடுவார்கள் என்று செல்வராணிக்குத் தெரியும். அந்தப் பயத்தோடுதான் ஆறுதல் அறைக்கு முதன்முதலில் வந்தாள்.

ஒருங்கிணைப்பாளர் தலையைச் சாய்த்தார். "உங்க உணர்வு எனக்குப் புரியுது."

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலியே சார்" என்றாள் செல்வராணி.

அவர் அதை எழுதிக்கொண்டு, இனியாவிடம் முக அட்டையைக் காட்டினார். "பாப்பா, இதுல நீ எது?"

இனியா ஐந்து மஞ்சள் வட்டங்களையும் பார்த்தாள். முகமெல்லாம் மலர்ந்தது. "லட்டு!" என்றாள். நடுவில் இருந்ததை நகத்தால் சுரண்டவும் ஆரம்பித்தாள்.

'குழந்தை உற்சாகமாக ஒத்துழைத்தது' என்று அவர் எழுதினார். பிறகு நடைமுறைப்படி பிஸ்கெட் பாக்கெட்டை நீட்டினார். இனியாவின் கை எட்டுவதற்குள் செல்வராணி பாய்ந்து பிடுங்கினாள். பிள்ளை தரையில் விழுந்து புரண்டது. வராந்தாவில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

"அம்மா, பசின்னு கேட்டா அன்போட குடுக்கணும். அன்புதான் பெரிய மருந்து."

"சார், இந்தப் புள்ளைக்குக் குடுக்காம இருக்கறதுதான் சார் அன்பு. டாக்டரம்மா எழுதியிருக்காங்க, படிச்சிப் பாருங்க."

"உங்க உணர்வு புரியுது" என்றபடி அவர் எழுதினார். 'தாய் குழந்தையிடம் உணவைப் பிடுங்கினார். கடுமை தெரிகிறது.'

இதைப் பார்த்து எனக்குள் ஒரு கோபம். இந்த மனிதருக்கு நோட்டுதான் தெரியும், மனது தெரியாது என்று நினைத்தேன். எனக்கு மனது தெரியும் என்று ஒரு மிதப்பு. அந்த மிதப்புதான் என்னைக் கெடுத்தது.

உடற்பயிற்சி சிகிச்சைக்காக வியாழக்கிழமைதோறும் இனியா வருவாள். செல்வராணி மருந்து வரிசையில் நிற்கப் போகும்போது என்னிடம் விட்டுப் போவாள். "அண்ணே, பாத்துக்கோங்க. என்னா அழுதாலும் ஒண்ணும் குடுத்துடாதீங்க."

அம்மாவுக்கு அண்ணன் என்றால் பிள்ளைக்கு மாமன். "மாமா, பசிக்குது" என்று இனியா என் சட்டை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொல்வாள். அழுது கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். இப்படி ரகசியமாகக் கேட்டதுதான் தாங்கவில்லை. யாரிடமும் முடியாது என்று சொல்லிப் பழகாத வாய் என்னுடையது. பையிலிருந்த பன்னைப் பிட்டுப் பாதி கொடுத்தேன். அடுத்த வாரம் முழுசாகக் கொடுத்தேன். பசியோடு இருந்து ஒரு பிள்ளைக்குக் கொடுக்கிறோம் என்ற பெருமையில் எனக்கு அன்றைக்கெல்லாம் வயிறு நிறைந்தே இருந்தது. இப்படி ஆறு மாதம்.

மெழுகுத்தாளை அவள் என்ன செய்தாள் என்று நான் யோசிக்கவே இல்லை. வாசனைக்காக மடித்துக் கவுன் பைக்குள் வைத்துக்கொண்டிருக்கிறாள். துணி துவைக்கும்போது செல்வராணி கையில் அது கிடைத்திருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று. எங்கள் பேக்கரித் தாளில் பெயர் கிடையாது, ஒரு நீலப் பூதான். பஸ் ஓட்டும் புருஷன் வழியில் வாங்கி ஒளித்துக் கொடுக்கிறான் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். அவர் இல்லை என்று சத்தியம் செய்ய, இவள் பொய் சத்தியம் என்று தெருவில் நின்று கத்த, ராஜவேல் துணிமணியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். கோமதி குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். பெற்ற பிள்ளையைப் பட்டினி போடுகிறாள், பிள்ளையைப் பிரித்து எங்களிடம் கொடுங்கள் என்று.

விசாரணை எங்கள் ஆறுதல் அறையில்தான் நடந்தது. அடுக்கி வைத்திருந்த நாற்காலிகள் அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தரையைத் தொட்டன. அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மா, எங்கள் டாக்டரம்மா, ஒருங்கிணைப்பாளர், இந்தப் பக்கம் செல்வராணி, அந்தப் பக்கம் ராஜவேலும் கோமதியும். இனியா வெளியே நர்ஸிடம் இருந்தாள். நான் தண்ணீர் ஜாடியோடு மூலையில் நின்றேன்.

ஒருங்கிணைப்பாளர் நோட்டைப் பார்த்துப் படித்தார். 'உணவைப் பிடுங்கினார். கடுமை தெரிகிறது.' கொடுத்த பிஸ்கெட் யாருடையது என்று நோட்டில் இல்லை.

"பாத்தீங்களா மேடம்? அவுங்க ஆஸ்பத்திரியிலயே எழுதி வெச்சிருக்காங்க" என்றாள் கோமதி. "எந்தப் பொம்பளையாச்சும் சோத்துக்குப் பூட்டுப் போடுவாளா?"

டாக்டரம்மா நோயைப் பற்றி விளக்கினார். அதிகாரி அம்மா கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "நோய் சரி டாக்டர். ஆனா வீட்ல ரெண்டு பேரும் ஒத்துமையா இருந்தாத்தான இந்தக் கட்டுப்பாடெல்லாம் நடக்கும்?" என்றார்.

அப்போதுதான் செல்வராணி இடுப்பிலிருந்து அந்த மெழுகுத்தாள்களை எடுத்து மேசைமேல் வைத்தாள். "நல்லா கேளுங்கம்மா. நான் பூட்டிப் பூட்டி ராட்சசின்னு பேர் வாங்கறேன். இவரு ஒளிச்சி ஒளிச்சி பன் வாங்கிக் குடுத்து நல்லவரு ஆவுறாரு."

"நான் வாங்கலடி! எத்தினி தடவ சொல்றது?"

"அப்ப இந்தத் தாளு பறந்து வந்துச்சா?"

அதிகாரி அம்மா பேனாவை மூடினார். "இப்படி ஒருத்தர ஒருத்தர் நம்பாத வீட்ல புள்ளைய வெக்க முடியாது. கொஞ்ச நாள் அத்தை வீட்ல இருக்கட்டும்."

மேசைமேல் நீலப் பூ தெரிந்தது. என் பைக்குள்ளும் அன்றைய பன் அதே பூவோடு இருந்தது.

"அது நான் குடுத்தது" என்றேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஒருங்கிணைப்பாளர் திரும்பி, "அருள்தாஸ், தண்ணிய வெச்சிட்டு வெளிய இருங்க" என்றார்.

சுவரோடு ஒட்டத் தெரிந்த உடம்பு கதவுப் பக்கம் நகர்ந்தது. பிறகு நின்றது. பையைத் திறந்து பன்னை எடுத்து, மேசையில் அந்தத் தாள்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். "பன் நான் குடுத்ததுங்க. ஆறு மாசமா, வியாழக்கிழம வியாழக்கிழம. அந்தம்மா குடுக்காதீங்கன்னு சொல்லியும் குடுத்தேன். அவரு வாங்கல."

இதற்கு ஒருங்கிணைப்பாளரின் படிவத்தில் கட்டம் இல்லை. பழக்க தோஷத்தில் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்து, "உங்க உணர்வு எனக்குப் புரியுது" என்றார்.

ராஜவேல் அழுதார். பெரிய மீசைக்காரர், காக்கிச் சட்டைக் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். நான் டிஷ்யூ பெட்டியை நகர்த்த மறந்துவிட்டேன். ஒருங்கிணைப்பாளரே நான்கு விரல் தூரம் நகர்த்திவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தார்.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. "பன்னோட அளவு பெரிசில்ல, அருள்தாஸ்" என்றார். "கேட்டா ஒருத்தர் குடுப்பாங்கன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு பாருங்க, அதுதான். அதுக்கப்புறம் எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டே இருப்பா. கெடைக்காதுன்னு உறுதியாத் தெரிஞ்சாத்தான் அவ மனசு கொஞ்சமாச்சும் அடங்கும்."

அதிகாரி அம்மா பன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆஸ்பத்திரி ஆளே இப்படின்னா, ஊர்ல அந்தம்மா தனியா எத்தன பேர்கிட்ட போராடியிருப்பாங்க?" என்று கோமதியிடம் கேட்டார். பிள்ளை தாயிடமே இருக்கட்டும், தகப்பன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதினார். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்பதாகவும் சொன்னார்.

எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அது பிறகு. அதற்கு முன்னால் வராந்தா பெஞ்சில் செல்வராணி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்ணே, ஆறு மாசமா அந்த மனுசன நான் திட்டுன திட்டு பூரா உங்களுக்குச் சேர வேண்டியது. தெரியுதா?"

"தெரியுதும்மா."

"உக்காருங்க. இப்பத் திட்டுறேன்."

உட்கார்ந்தேன். அரைமணி நேரம் திட்டினாள். என்னைத் திட்டினாள், பிறகு நாத்தனாரை, பக்கத்து வீட்டுக்காரிகளை, கல்யாண வீடுகளை, கோயிலில் சுண்டல் கொடுக்கிறவரை, பள்ளிக்கூடத்தில் பிறந்தநாள் மிட்டாய் கொடுக்கிற பிள்ளைகளை. கடைசியில் கடவுளையும். நான் சர்ச்சுக்குப் போகிறவன் என்பதால் என் கடவுளையும் சேர்த்துக்கொண்டாள். தலையைச் சாய்க்க எனக்குத் தெரியாது, அதனால் நேராக வைத்துக் கேட்டேன். முடித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்து, "அப்பாடா" என்றாள். அந்த ஆஸ்பத்திரியில் ஒரு தாய் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த வியாழக்கிழமையும் பெஞ்சுக்கு வந்தாள். "உக்காருங்கண்ணே, இன்னும் பாக்கி இருக்குது." பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேறு ஒரு தாய், அவள் பிள்ளைக்கு வேறு ஏதோ நோய், கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "யக்கா, நானும் கொஞ்சம் திட்டிக்கட்டுமா?" என்றாள். இப்படி நான்கைந்து பேர் சேர்ந்தார்கள். நோய் ஆளுக்கொன்று. ஆனால் திட்டு வாங்க வேண்டியவர்கள் எல்லோருக்கும் ஒரே ஆட்கள்தான். ஒருங்கிணைப்பாளர் வராந்தாவில் கூட்டம் போடக் கூடாது என்று அறிவிப்புப் பலகை மாட்டினார். மாட்டியவன் நான்தான். அதற்குக் கீழேதான் உட்கார்ந்தோம்.

என் பங்குக்கு ஒரு வேலை செய்தேன். பஸ் நிறுத்தத்திலிருந்து கேட் வரைக்கும் நான்கு தின்பண்டக் கடைகள். இனியா வரும் நேரத்துக்கு முன்னால் போய், பஜ்ஜித் தட்டை மூடி வைக்கும்படி ஒவ்வொருவரிடமும் கேட்டேன். கூச்சப்பட்டவன் கடை கடையாகப் பேசப் பழகியது அப்படித்தான். "உனக்கு என்னா வேண்டுதலாய்யா?" என்று ஒரு கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அது அவருக்கு உடனே புரிந்தது. ராஜவேல் பஸ்ஸை விட்டு இறங்கி வருவார். மூடிய தட்டுகளைப் பார்த்து, "மச்சான், எங்கூட்டுச் சண்டைய ஊதிவுட்டதுக்கு நல்லாத்தான் தண்டன கட்டுற" என்று தோளில் தட்டுவார். செல்வராணிக்கு நான் அண்ணன், அவருக்கு மச்சான். அந்த முறையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆறு மாதம் கழித்து அதிகாரி அம்மா வந்து பார்த்துவிட்டுப் புகாரை மூடினார்.

இனியாவுக்கு நோய் தீரவில்லை. அது தீருகிற நோய் இல்லை. இப்போது பதினான்கு வயது. பசி அப்படியே இருக்கிறது. அவள் நடந்துவருகிறாள் என்பதுதான் எங்களுக்குப் பெரிய விஷயம்.

நான் ஓய்வு பெற்ற நாளும் ஒரு வியாழக்கிழமை. கேக், மிக்சர், சமோசா எல்லாம் ஏற்பாடு செய்திருந்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முப்பது வருட வேலையில் மேலதிகாரியிடம் நான் சொன்ன முதல் 'வேண்டாம்' அது. சமோசா இல்லாத பிரிவு உபசாரத்தில் பேச்சாளர்கள் என்னைப் பற்றி மிகச் சுருக்கமாகப் பேசினார்கள். ஒருங்கிணைப்பாளர் மட்டும் என் உணர்வு அவருக்குப் புரிகிறது என்றார். அன்றைக்கு அவருக்கு உண்மையிலேயே கொஞ்சம் புரிந்தது என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் அதைச் சொல்லும்போது தலையைச் சாய்க்கவில்லை.

எல்லாம் முடிந்ததும் இனியா என்னிடம் வந்தாள். "மாமா, கையக் காட்டு" என்றாள். காட்டினேன். சட்டைப் பையைப் பார்த்தாள். தோள்பையைத் திறந்து மூலை வரைக்கும் துழாவினாள். அவளுடைய அம்மா தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், கிட்டே வரவில்லை.

"ஒண்ணுமில்ல" என்றாள் இனியா.

"ஒண்ணுமில்லம்மா."

"செரி" என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இன்றைக்கும் வியாழக்கிழமைதான். இதை முடித்துவிட்டுச் சிதம்பரம் ரயிலைப் பிடிக்க வேண்டும். நான் வேலையில் இல்லாவிட்டாலும் பஜ்ஜித் தட்டுகளை யாராவது மூடச் சொல்ல வேண்டுமே. பேக்கரி வழியாகப் போகாமல் பின்தெரு வழியே போவேன். காலையிலிருந்து நானும் ஒன்றும் சாப்பிடவில்லை.

அருள்தாஸ்,
திருப்பாதிரிப்புலியூர்.
ஆவணி பிறந்து இரண்டாவது வியாழன், காலை.